நீலப் பெட்டியிலிருந்து தெரிந்த மொட்டைமாடி

செனோபியா மாமானிக்கு டுபிசா பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. அது வயிற்றுக்கு. சனிக்கிழமைதோறும் உள்ளூர் ரேடியோவில் அரைமணி நேரம் தான் எழுதிய கதையை வாசிப்பாள், அதுதான் அவளுக்கு உயிர். ஆறு வருஷமாக வாசிக்கிறாள், கதை அந்தச் சின்ன ஊரை விட்டு நகர்ந்ததில்லை. "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் புழுதியையே கிளறுவே? லா பாஸ் போய்ச் சுத்திப் பாத்துட்டு ஒரு பட்டணத்துக் கதை கொண்டா" என்று ரேடியோக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

புருஷன் கசிமிரோவுக்கு எல்லைக்கு அப்பால், சிலியில், செம்புச் சுரங்கத்தில் வேலை. கார்னிவலுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் வீட்டுக்கு வருவான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். "குழந்தை இப்ப வேணாம், காண்ட்ராக்ட் முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டான் மகராசன். அவளுக்கோ முப்பத்தொன்பது. வருகிற நவம்பரோடு சுரங்கத்துக்கு ஒரு கும்பிடு, அப்புறம் குழந்தைதான் என்று இந்தக் கார்னிவலில் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த நவம்பருக்காகத்தான் அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை லா பாஸில் இறங்கியவளைச் சித்தி மகள் யோலா இழுத்துக்கொண்டு போனாள். பெரிய சதுக்கம், புறாக்கள், மூலிகைக்காரிகள் சந்தை எல்லாம் பார்த்தார்கள். செனோபியா எதைக் கண்டாலும் நோட்டை எடுத்தாள்.

"புறாவையுமா எழுதுவே? உங்க ஊர்ல புறாவே இல்லியா?"

"வாயை மூடுடி. பட்டணத்துப் புறாவுக்குத் திமிர் ஜாஸ்தி, அதைத்தான் எழுதறேன்."

மத்தியானம் ரோப் காரில் மலைமேல் எல் ஆல்டோவுக்கு ஏறி, அங்கே நீலப் பெட்டிகள் ஓடும் வரிசைக்கு மாறினார்கள். பெட்டிக்குள் உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். எல்லாரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். கீழே மொட்டைமாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. தண்ணீர்த் தொட்டி, நாய், துணிக்கொடி, சைக்கிள்.

"பாத்தியா, ஊரே திறந்து கெடக்கு" என்றார் பெரியம்மா. "பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சுவரை எட்டடிக்குக் கட்டினாங்க. ஆகாசத்துல ஆளுங்க போவாங்கன்னு யாரு கண்டா!"

செனோபியா சிரித்துக்கொண்டே குனிந்து எழுதினாள். நிமிர்ந்தபோது ஒரு மாடியில் ஓர் ஆள் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்த ஸ்வெட்டரில் ஒரு கை சிவப்பு, ஒரு கை காபி நிறம். சிவப்பு நூல் பற்றாமல் போய், காபி நிற நூலில் மறு கையைப் பின்னி முடித்தவள் செனோபியாதான்.

"யோலா, அது எங்க வீட்டுக்காரர்."

"உளறாத அக்கா! அவர் சிலியில இல்ல இருக்காரு?"

பெட்டி நிற்குமா என்ன? அது பாட்டுக்குப் போய்விட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப் பெட்டியில் ஏறித் திரும்பினார்கள். ஆள் அங்கேயேதான் இருந்தான். இடது தோள் சரிந்த அதே நிற்பு. கொடியில் வரிசையாகக் குழந்தைத் துணி. வீட்டில் தன் கைக்குட்டையைக்கூடப் பிழியாத மனுஷன், ஒவ்வொரு சின்னச் சட்டையையும் உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். அடப்பாவி!

மூன்றாவது தடவை ஏறியபோது பெட்டியில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அந்த மாடி தூரத்தில் தெரியும்போதே செனோபியா போன் போட்டாள். கீழே அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"சொல்லு கண்ணு."

"எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? சுரங்கத்துலதான். லிஃப்ட் பக்கத்துல நின்னு பேசறேன், சிக்னல் போய்டும்."

"அங்க வெயில் எப்படி?"

"வெயிலா? சூரியனைப் பாத்து மூணு நாளாச்சு கண்ணு" என்றான் அவன், கண் கூச ஒரு கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு.

இப்படியும் ஒரு மனுஷன் பொய் சொல்வானா? குரல் பிசகவில்லை, தடுமாறவில்லை. பதினோரு வருஷமாக அவள் காதில் விழுந்த அதே அன்பான குரல்.

"வலது ஓரத்துல அந்த மஞ்சச் சட்டைக்குக் கிளிப் போடலையே. பறந்துடப் போகுது" என்றாள்.

அவன் கை தன்னால் மஞ்சள் சட்டைக்குப் போனது. பாதியில் நின்றது. சுற்றிலும் பார்த்தான், சுவருக்கு மேலே பார்த்தான், பிறகு அண்ணாந்து பார்த்தான். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு பெட்டியாகக் கம்பியில் வந்துகொண்டே இருந்தன, எல்லாம் ஒரே நீலம், எல்லாவற்றிலும் வெயில் பட்டுக் கண்ணாடி மின்னியது. எதில் அவள் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். போனை வைக்கத் தோன்றவில்லை அவனுக்கு.

படியேறிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி மாடிக்கு வந்தாள். அவள் குரல் போனில் தெளிவாகக் கேட்டது.

"யாருங்க போன்ல?"

"யாருமில்ல. ராங் நம்பர்."

குழந்தைத் துணியைப் பார்த்தபோதுகூட வராத அழுகை அப்போதுதான் வந்தது செனோபியாவுக்கு. மூச்சு முட்ட அழுதாள். யோலா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பெட்டி கடைசி நிலையத்தை நெருங்கியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தாள்.

"இப்பவா அக்கா? ஐயோ, இதையா எழுதப் போறே?"

"பின்ன, புறாவையா?"

"பேரையாவது மாத்திடு."

செனோபியா புதுப் பக்கத்தைத் திருப்பினாள். கசிமிரோ என்று எழுதினாள். பக்கத்திலேயே அப்பா வழிக் குடும்பப் பெயர், அம்மா வழிக் குடும்பப் பெயர் இரண்டையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதினாள். அதற்குக் கீழே, மனைவி என்று எழுதி, தன் பெயரைப் போடாமல், "யாருமில்லை" என்று எழுதினாள்.