கல்லறை நிலத்தில் ஒரு பள்ளிக்கூடம்

பினாங்கின் டத்தோ கிராமாட்டில் தையல் வேலை செய்துவந்த மார்த்தாவுக்கு ஒரே மகள், டோரதி. அவள் ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். மாதா கோயிலுக்குச் சொந்தமான கல்லறை நிலத்தின் பின்பகுதியில் அவளைப் புதைத்தார்கள். கணவர் மைக்கேல் அக்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்குப் போகும் ரயில்வே நீராவிப் படகில் கரி அள்ளிப் போடுபவர். அவர் வேலைக்குப் போனபின், அக்கம்பக்கத்துச் சிறுமிகள் வந்து தையல் மெஷினைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். பையன்கள் டவுனுக்கு நடந்துபோய்ப் படித்தார்கள். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பவில்லை.

கல்லறை நிலத்தின் முன்பாதியில் ஒரு குழிகூட வெட்டியதில்லை. லாலாங் புல் மண்டிக் கிடந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டலாமே என்று 1925இல் மார்த்தா கேட்டார். கோயில் சாமியார் சம்மதித்தார். நில ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் பரமநாதன்தான் கையை விரித்தார்.

“இது கும்பினி காலத்தில கோயிலுக்குக் குடுத்த காணி, அம்மா. அடக்கம் செய்ய மட்டும் எண்டு சொல்லிக் குடுத்தது. எங்கட துரையால மாத்த ஏலாது. சட்டசபை சட்டம் போட்டால்தான் உண்டு.”

“அது எங்க இருக்கு?”

“சிங்கப்பூரில.”

“அங்க நமக்காகப் பேச ஆள் இருக்கா?”

இருந்தார். பினாங்கின் சார்பில் அந்தச் சபையில் உட்கார்ந்த வழக்கறிஞர் ஒருவரை மார்த்தா போய்ப் பார்த்தார். தெரிந்த மலாய் மொழியில் விஷயத்தைச் சொன்னார். ஊரார் ஒப்புக்கொண்டால் பேசுவதாக அவர் சொன்னார்.

கணவரை அங்கே அடக்கம் செய்திருந்த அமலம்மாள் ஒப்பவில்லை.

“செத்தவங்க தலைமாட்டுல பிள்ளைங்க கூத்தடிக்கணுமா?”

“முன்பக்கம் மட்டும்தான் அக்கா. நடுவுல சுவர் வச்சிருவோம்.”

“இன்னிக்கு முன்பக்கம். நாளைக்கு?”

அந்தக் கேள்வி மார்த்தாவுக்கு நியாயமாகவே பட்டது. மறுபடி வழக்கறிஞரிடம் போனார். கல்லறைகளை யாரும் எந்தக் காலத்திலும் தொடக்கூடாது என்பதையும் அந்தச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். அவர் அதைக் குறித்துக்கொண்டு, சரி என்றார்.

“எம் பொண்ணும் அங்கதான் இருக்கா அக்கா,” என்று அமலம்மாளிடம் வந்து சொன்னார் மார்த்தா. “அவளை மிதிக்க விடுவேனா?”

அமலம்மாள் அவரை உட்காரச் சொன்னார். பிறகு, “சுவர் உசரமா இருக்கட்டும்லா,” என்றார்.

மசோதா சபைக்குப் போக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பழைய மானியத்தின் நிபந்தனையை ஒருமுறை தளர்த்தினால் எல்லோரும் வந்து கேட்பார்களே என்று ஓர் உறுப்பினர் தடுத்தார். கல்லறைகளுக்குக் காவல் வைக்கும் பிரிவை பினாங்கு உறுப்பினர் வாசித்துக் காட்டிய பிறகே அவர் அடங்கினார். மூன்றாம் வாசிப்பில் மசோதா நிறைவேறியது. பரமநாதன் ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளில் வந்து செய்தி சொன்னார். மார்த்தா மெஷினை நிறுத்திவிட்டு, முகத்தை முந்தானையில் புதைத்து அழுதார்.

நடுவில் உயரமான சுவரும், முன்பக்கம் அத்தாப்பு ஓலைக் கூரையுடன் இரண்டு அறைகளும் எழுந்தன. அமலம்மாள் தன் கடைசி மகளைத் தானே கூட்டிவந்து சேர்த்தார். மழைக்காலத்தில் பாதிப் பிள்ளைகள் வராமல் போனார்கள்; மார்த்தா வீடுவீடாகப் போய் அழைத்துவந்தார்.

மறு ஆண்டு வழக்கறிஞர் பள்ளியைப் பார்க்க வந்தார்.

“இன்னும் என்ன வேண்டும்?”

“கிணறு, துவான். அதுக்கும் சிங்கப்பூர் போகணுமா?”

“மண்வெட்டி போதும்,” என்று அவர் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், மைக்கேலும் அவருடைய படகுக் கூட்டாளிகளும் தோண்ட ஆரம்பித்தார்கள்.