காலோவுக்கு எதிர் நாற்காலி

குக்கர் மூடியைக் காதோரம் பிடித்து விரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார் லவுத்தாரோ சிலுயிசா. மூடி என்ன சொல்லிற்றோ, முகம் சுண்டிவிடுகிறது. ரப்பர் வாஷரை உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். "இதை யாரு போட்டது?" சந்தைப் பக்கம் ஏதோ ஒரு கடை என்று முனகுகிறாள், குக்கர் கொண்டுவந்த பெண். "அப்ப அங்கயே போயிருக்கலாமே, வழி மறந்துபோச்சா?" வேலையைச் செய்துதான் கொடுப்பார். ஆனால் அந்த வேற்றுக் கடை வாஷரைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அவள் கையிலேயே திணித்துவிடுவார். "உங்க சாமான். என் கடையில இருக்க வேண்டாம்."

மலைமேல் எங்கள் கித்தோ நகரம் இருக்கிற உயரத்தில் குக்கர் இல்லாமல் மொச்சையும் பயறும் லேசில் வேகாது. அதனால் நாங்கள் குடியிருக்கும் லா தோலா மேட்டில் இவர் கடைப்படி ஏறாத வீடு இல்லை. அறுபத்தொரு வயது, ஒடிசலான உடம்பு, பித்தளை மணக்கும் விரல்கள். எதிர்ச்சாரியில் பேக்கரி வைத்திருக்கும் நான் பன்னிரண்டு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொறாமை பிடித்த மனிதர். அவரே அதை ஒளிக்காதபோது நான் எதற்கு ஒளிக்க வேண்டும்? காலையில் ரொட்டி வாங்க வந்தால் முன்னால் போனவரின் பையை எட்டிப் பார்ப்பார். "அவருக்கு மட்டும் நல்லா செவந்ததாப் பொறுக்கிப் போட்டீங்க போல, பேக்கரிம்மா?"

இவ்வளவு பொறாமையிலும் பெரும்பங்கு காலோ யேப்பெஸுக்குத்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற, வாய் நிறையச் சிரிக்கிற காலோ. டிசம்பர் ஆறாம் தேதி கித்தோ நகரம் பிறந்த நாள், ஊருக்கே விடுமுறை. அன்றைக்கு எங்கள் தெருவில் மேசைகளை வெளியே போட்டு 'நாற்பது' சீட்டாட்டப் போட்டி நடக்கும். இருவர் இருவராகச் சேர்ந்து எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. பத்தொன்பது வருடம் காலோவுக்கு எதிர் நாற்காலி லவுத்தாரோவுடையது. லவுத்தாரோவின் மனைவி ஓல்கா என் கடையில் சொல்லிச் சிரிப்பாள்: "என் விஷயத்துல இவரு இதுல பாதி பொறாமைப்பட்டிருந்தா, நான் ராணி மாதிரி இருந்திருப்பேன் போங்க."

போன வருடம் அந்த நாற்காலி கைமாறியது. காலோ தன் மாடியில் குடியிருக்கும் வெல்லிங்டன் மொரேரா என்ற பிரிட்ஜ் மெக்கானிக்கோடு பெயர் கொடுத்துவிட்டார். வெல்லிங்டன் குவாயாகில்காரன். கடலோரத்தான், மலைக்காரனைக் கண்டால் கிண்டலடிக்கிற ஜாதி.

லவுத்தாரோ காலோவின் வேனை நடுத்தெருவில் மறித்துக் கேட்டார். "நம்ம ஊரு பொறந்தநாளு. நம்ம ஊரு சீட்டு. அதுல கொண்டுபோய் ஒரு குவாயாகில்காரனை உக்கார வைப்பியா?"

"நல்லா ஆடறான்யா."

"அவங்க ஊரு நாளு அக்டோபர்ல வருதில்ல? அன்னிக்கு அங்க போய் ஆடிக்கட்டுமே!"

காலோ இன்ஜினை அணைத்தார். "லவுத்தாரோ, கோச்சுக்காதே. ஒரு சீட்டு தப்பாப் போட்டேன்னு போன தடவை ஒரு மாசம் பேசல நீ. உன்னோட ஆடினாப் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு. அவனோட ஆடினா சிரிக்கறேன்."

அன்று மாலை லவுத்தாரோ என் கடைக்கு வந்தார். ரொட்டிப் பக்கம் கண் போகவே இல்லை. "பேக்கரிம்மா, உங்களுக்குச் சீட்டு ஆட வருமா?"

வருமாவா! அவருக்கு எதிர் நாற்காலிக்காக இலவு காத்த கிளியாகப் பன்னிரண்டு வருடம் இருந்தவள் நான். அவர் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, கையில் கிடைத்த வாஷரைப் போட்டுப் பார்க்கிறார் என்பது புரிந்தது. இருந்தும் வரும் என்றேன்.

"அவனைத் தோக்கடிச்சுட்டாப் போதும்," என்றார். "அடுத்த வருஷம் தானா என்கிட்டத் திரும்பி வந்துருவான்."

அப்படி வந்துவிட்டால் அடுத்த வருஷம் நான் எங்கே உட்காருவேன் என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

ஆறாம் தேதி மத்தியானம் மேசைகள் வந்தன. பட்டை போட்டுக் காய்ச்சிய சாராயம் ஆவி பறக்கக் கோப்பைகளில் சுற்றியது. முதல் சுற்றிலும் அடுத்த சுற்றிலும் நாங்கள் ஜெயித்தோம். பெரும்பங்கு என்னுடையது. லவுத்தாரோவின் கை எங்கள் மேசையில் இருந்தது, கண் அடுத்த மேசையில். நான் ஒரே வீச்சில் மேசைமேல் கிடந்த சீட்டையெல்லாம் வாரினாலும், "ம்" என்பார். "பாருங்க பேக்கரிம்மா, குளுருதாம் துரைக்கு! காலோ தன் போர்வையைக் கழட்டிப் போத்திவிடறான். ஓத்தவாலோ சந்தையில நான் வாங்கிக் குடுத்த போர்வை அது!"

எனக்கு எரிந்தது. வெல்லிங்டன் மேல் அவருக்கு, காலோ மேல் எனக்கு. இரண்டும் ஒரே அடுப்பு நெருப்புதான்.

இறுதியாட்டத்தில் நால்வரும் ஒரே மேசைக்கு வந்தோம். எனக்கு அடுத்து சீட்டு இறக்குபவர் காலோ. எதிராளி போட்ட எண்ணையே அடுத்தவர் உடனே போட்டால் அது 'விழுந்தது', இரண்டு புள்ளி. நாற்பதைத் தொட்டவர் ஜெயித்தார். ஆனால் முப்பத்தெட்டில் வந்து நின்றால் மற்ற கதவெல்லாம் சாத்திவிடும், எதிராளியின் சீட்டின் மேல் விழுந்துதான் ஆட்டத்தை முடிக்க முடியும். நாங்களும் முப்பத்தெட்டு, அவர்களும் முப்பத்தெட்டு. தெருவே எங்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டது.

என் கையில் மிச்சம் இரண்டு. ஓர் ஆறு, ஒரு ராணி. எதை இறக்குவது? கூட்டாளிகள் பேசிக்கொள்ளக் கூடாது. அதனால் லவுத்தாரோவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் மெல்ல மலர்ந்தது. கண் இடுங்கி, உதட்டோரம் சிரிப்புக் கட்டியது. பன்னிரண்டு வருடத்தில் நான் வாங்காத சிரிப்பு. என் மனுஷன் கையில் ஏதோ வைத்திருக்கிறார், பயமில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஆறை இறக்கினேன்.

அந்த மலர்ச்சி எனக்கானதில்லை. கையில் தோதான சீட்டு இருந்தால் காலோ இடக் காதைச் சொறிவார். அது அன்றுவரை இந்த உலகத்தில் லவுத்தாரோ ஒருவருக்குத்தான் தெரியும்; எனக்கு அவரே பின்னால் சொன்னது. காலோ சொறிந்திருக்கிறார். பத்தொன்பது வருடமாக அதைக் கண்டால் மலர்ந்து பழகிய முகம், இன்று காலோ எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மலர்ந்துவிட்டது.

காலோ தன் ஆறை என் ஆறின் மேல் ஓங்கி அறைந்தார்.

"விழுந்தது! மண்டூகத்துக்கு ரெண்டு!"

ஜெயித்தவர்கள் கத்துகிற வழக்கமான கேலி அது. கத்தியது காலோ இல்லை, வெல்லிங்டனும் இல்லை. லவுத்தாரோ! மேசை குலுங்க எழுந்து, என் முகத்துக்கு நேரே, என்னைப் பார்த்து. தெரு வெடித்துச் சிரித்தது. "யோவ், நீ எந்தக் கட்சி?" என்றது ஒரு குரல். "மண்டூகம் உங்க ஆளுதாங்க, லவுத்தாரோ ஐயா!" என்றது இன்னொன்று.

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. காலோவை நோக்கி இரண்டு கைகளையும் அகல விரித்துவிட்டார். காலோவும் கைகளை விரித்துக்கொண்டுதான் எழுந்தார். மேசையை இடித்துக்கொண்டு சுற்றி ஓடி வெல்லிங்டனைச் சேர்த்து அணைத்து, போர்வையோடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கோப்பை ஒன்று கவிழ்ந்து பட்டைச் சாராயம் என் மடியில் கொட்டியது.

நான் எழுந்து நின்றேன். மேசைக்கு இந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே, இரண்டடி தூரத்தில். விரித்த கைகளுக்கு ஓர் ஆள் தேவையென்றால் ஆள் இருந்தது.

லவுத்தாரோ விரித்த கைகளைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். பிறகு, அதற்காகத்தான் விரித்தது போல, இரண்டு கைகளையும் அப்படியே தலைக்கு மேலே உயர்த்தி, தெருவுக்குக் குறுக்கே தொங்கிய சிவப்பு நீலத் தாள்கொடித் தோரணத்தை எட்டிப் பிடித்து, தொய்யாமலே இருந்த கயிற்றை அவிழ்த்து, இழுத்து முடிச்சுப் போடத் தொடங்கினார்.