ஜெனரேட்டர் இறங்கிய தளம்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. அன்றைக்கு அந்த வேலையில் நின்றவர்கள் இன்னும் ஏற்காட்டில்தான் இருக்கிறார்கள். போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

காப்பிச் செடிகளை வழித்துவிட்டு டேட்டா சென்டர் கட்டினார்கள். கரண்ட் போனாலும் உள்ளே கம்ப்யூட்டர் ஒரு நொடி நிற்கக் கூடாதாம். அதற்கு இருபது டன் ஜெனரேட்டர். அது உட்காரத் தடித்த கான்கிரீட் தளம். தளத்துக்குப் பள்ளம் தோண்டும்போதுதான் மண் சரிந்து, கூலியாள் பெரியண்ணனின் மனைவி தங்கம்மா உள்ளே போனாள். தூக்கி எடுத்தபோது வாயெல்லாம் செம்மண்.

கருமாதி முடிந்ததும் பெரியண்ணன் அங்கேயே வேலைக்கு வந்தான். வேறு சைட்டுக்கு அனுப்புகிறேன் என்றார் எஞ்சினியர் விஜயகுமார்.

"வேண்டாங்க சார். அவ போன எடத்துலயே கெடக்கறனுங்க."

தளத்துக்குத் தண்ணீர் விடும் வேலை கொடுத்தார்கள். எந்தச் சைட்டிலும் அது தங்கம்மா பார்த்த வேலை. சாக்கு விரித்து, குடம் குடமாக ஊற்றி, கான்கிரீட் வெடிக்காமல் காப்பாள்.

ஒருநாள் காலை, கூட வேலை செய்யும் சுகுணா சிரித்தாள்.

"ஏனுங்கண்ணா, நெல்லு நடப் போறீங்களா? இத்தன தண்ணி?"

"நான் இன்னும் பைப்பையே தொடலியே கண்ணு."

தளம் முழுக்க நனைந்திருந்தது. சாக்குகளின் ஓரத்தை உள்பக்கமாக மடித்து, மேலே கல் வைத்திருந்தது. அப்படி மடிப்பவள் ஒருத்திதான்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அவன் பயப்படவில்லை. விடியுமுன்னே வந்து காத்துக் கிடந்தான். ஆள் கண்ணில் படவில்லை. பனிக்குள்ளிருந்து சத்தம் மட்டும்... சலப்... சலப்... அதைக் கேட்டுக்கொண்டே அழுதான்.

தளம் இறுகியது. சாக்குகளை எடுத்துக் காயவிட்டார்கள். ஜெனரேட்டர் வரும் நாளும் வந்தது.

"சார், இன்னைக்கு ஒரு நாள் விட்ருங்க சார். அவ இன்னும் எந்திரிக்கல."

"பெரியண்ணா, வண்டி அடிவாரம் தாண்டிருச்சு. நொம்ப யோசிக்காத. போய் டீ குடி."

பிற்பகல் மூன்று நாற்பது. லேசாகப் பனி இறங்கியது. கிரேன் பாரத்தைத் தூக்கித் தளத்துக்கு மேலே கொண்டுவந்தது. மெதுவாக இறக்கியது.

ஆளுயரத்துக்குச் சற்று மேலே வந்ததும், பாரம் அந்தரத்தில் நின்றுவிட்டது.

கீழே, காய்ந்த தளத்தின் நடுவில் ஈரம்.

பரவியது...

சலப்... சலப்...

பெரியண்ணன் ஓடினான். தொங்கும் இரும்புக்கு நேர் கீழே.

"டேய்! வெளிய வாடா!" எஞ்சினியர் கத்தினார்.

அவன் காதில் விழவில்லை. ஈரத்தின் முன் குந்தினான்.

"தங்கம்... மெசினு எறங்குது. வேல முடிஞ்சுது சாமி. எந்திரி... ஊட்டுக்குப் போலாம்."

சத்தம் நின்றது.

ஈரத்திலிருந்து ஒரு பாதம் பதிந்தது.

இன்னொன்று.

அவனைத் தாண்டி...

ஓரம்வரை...

அப்புறம் ஒன்றுமில்லை.

அவன் வெளியே வந்தான். ஜெனரேட்டர் உட்கார்ந்தது. அவளை நசுக்கவில்லை, அது போதும் என்று மண்ணில் சாய்ந்து கிடந்தான்.

சாயங்காலம் டீக்கு வந்த கிரேன் ஆபரேட்டர் அன்பழகன் எரிந்து விழுந்தான். சேலத்துக்காரன்; அன்றைக்குத்தான் மலையேறியவன்; செத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது.

"ஏனுங்க, மேல இருபது டன் தொங்குது. கைக்கொழந்தையோட ஒரு பொம்பளைய உள்ள விட்டு வெச்சிருக்கீங்க? நான் மட்டும் நிறுத்தலீன்னா?"

ஆட்கள் பெரியண்ணனைப் பார்த்தார்கள். பெரியண்ணனுக்குப் பிள்ளை கிடையாது.

சுகுணா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா... நாள் தள்ளிப்போச்சுன்னு அக்கா அன்னைக்குக் காலைலதான் எங்கிட்டச் சொன்னாங்க. ராத்திரி உங்ககிட்டச் சொல்றேன்னாங்க. அதுக்குள்ள மண்ணு..."

பெரியண்ணன் எழுந்தான். கிரேன்காரனின் கையைப் பிடித்தான்.

"கொழந்தை... பையனுங்களா, பொட்டப்புள்ளைங்களா?"

"மொகம் தெரியலீங்க. தண்ணி படக் கூடாதுன்னு முந்தானையால மூடியிருந்தாங்க."