பிளாஸ்டிக் பிரிக்காத மணிப்பெட்டி

எங்கள் காப்பகத்தைப் பற்றி அரசாங்க அறிக்கையில் ஒரு பக்கம் வந்திருக்கிறது. வழவழப்பான தாள், பெரிய வண்ணப் படம். குழந்தைப் பராமரிப்பின் தரத்தை உயர்த்தப் பொதுப்பணம் எப்படிச் செலவானது என்று விளக்கும் அறிக்கை அது. கடைசி வரியில், வாங்கிய பொருள்கள் அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன என்று போட்டிருக்கிறார்கள். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொய் என்பதால் அல்ல. சத்தியமாக எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன. பூட்டி வைத்திருந்தவளே நான்தான்.

மலாக்கா பக்கம் அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது எங்கள் காப்பகம். தோட்டக்காலத்து ஆயாக் கொட்டகைக்குச் சுண்ணாம்படித்து, பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறோம். அன்றைக்கு ரப்பர் பால்வெட்டப் போன அம்மாக்கள் பிள்ளைகளை விட்டார்கள். இன்றைக்கு ஆயர் குரோ தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அம்மாக்கள் விடுகிறார்கள். இருபது பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டு பேர். பொறுப்பாசிரியை நான். என்னைவிட வயதில் மூத்த ஓர் அக்கா உதவிக்கு இருந்து பார்த்துக்கொள்கிறார்.

தீபாவளிக்கு முன் அரசாங்கத் திட்டத்தில் ஒரு லாரி வந்தது. மெத்தைப் பாய்கள், மரக்கட்டைகள், படப்புத்தகங்கள், சின்ன மணியும் கிலுகிலுப்பையும் குட்டி மேளமும் அடுக்கிய ஒரு பெட்டி. அக்கா இந்தத் திட்டத்திலேயே ஒரு வாரம் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிரிக்கக் கை நீட்டியபோது எங்கள் செயற்குழுத் தலைவர் தடுத்தார்.

"பிரிக்காதம்மா! பெகாவாய் வந்து பாக்கணும். ஒண்ணு ஒடஞ்சாலும் ஏன் ஒடஞ்சுதுன்னு சூராட் எழுதிக் குடுக்கணும், அப்பறம் அடுத்த வருஷம் குடுக்க மாட்டாங்க லா."

அதிகாரி எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியாது. அலமாரியில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கோடு அடுக்கி, சாவியை என்னிடம் கொடுத்தார். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஷோகேஸில் இருக்கும் பீங்கான் கோப்பையில் யாரும் ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை. சோபாவின் பிளாஸ்டிக் உறை தொடையில் ஒட்டும், கிழிக்க மாட்டோம். நல்ல சாமான் வருகிறவர்களுக்கு, நமக்குப் பழசு போதும். இந்தப் புத்தியை நாங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்கும், டவுனிலிருந்து காப்பகத்துக்கும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். பிள்ளைகள் காலி மைலோ டின்னை உருட்டி விளையாடினார்கள்.

இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை எங்களிடம் இருந்தாள். பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் பாதி நேரம் திரும்ப மாட்டாள். கல்லுளிமங்கி என்று அவளுக்குப் பட்டம் வைத்தது நான். எல்லாரும் சிரித்தோம், அவளும் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அதை இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"டீச்சர், தட்ட டம்முன்னு போட்டா திரும்புறா. மெதுவா கூப்பிட்டா திரும்பல. சன்னமான சத்தம் கேக்கலையோன்னு இருக்கு. பின்னால நின்னு ஒவ்வொரு சத்தமா குடுத்துப் பாக்கச் சொல்லித் தந்தாங்க. அந்தப் பெட்டிய ஒரு தடவ தாங்களேன்."

"பெகாவாய் வந்துட்டுப் போகட்டுங்க்கா. ஓடியா போயிரும்?"

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இதையேதான் சொன்னேன். குழந்தையின் அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தாள். "ஒண்ணும் இல்லம்மா, சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று அவள் தோளைத் தட்டி அனுப்பினேன். பொறுப்பாசிரியை சொன்னால் நம்பத்தானே செய்வாள்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த பிறகுதான் அதிகாரிகள் வந்தார்கள். கேமராவோடு மூன்று பேர். அன்று காலையில்தான் அலமாரியைத் திறந்தேன். பிளாஸ்டிக்கைக் கிழிக்கும் சத்தத்துக்கே பிள்ளைகள் குதித்தார்கள். வரிசையாக உட்காரவைத்து மடியில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தோம். அதிகாரிகளில் ஒருவர் உற்சாகமாகி, பெட்டியிலிருந்த சின்ன மணியை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் ஆட்டினார். அத்தனை தலையும் திரும்பியது. ஒரு தலை திரும்பவில்லை. அவள் பாட்டுக்குப் புத்தகத்தில் இருந்த யானையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கேமராக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார். மணியை ஆட்டியவர் மலாயில் என்னிடம், இந்தப் பிள்ளைக்கு நல்ல கவனம் என்று பாராட்டினார். நான் தெரிமா காசே என்று நன்றி சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். அவர்கள் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு வழியில் போன் போட்டு அங்கேயே வரச் சொன்னாராம்.

கிளினிக்கிலிருந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு காதுக்கும் கருவி மாட்டினார்கள். கருவி வந்துவிட்டது, வார்த்தை இன்னும் வரவில்லை. பேச்சைப் பிடிக்கிற வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம், கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம்.

அறிக்கை அச்சாகி வந்த அன்று தலைவர் அதைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்கக் காட்டினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தனை பணம் செலவழித்தவர்கள், அதில் ஒரு பொருளாவது ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டதா என்று கேட்கும் ஒரு கேள்வியை, அன்று கொண்டுவந்த படிவத்தில் போட மறந்துவிட்டார்கள். இருக்கிறதா, உடைந்ததா, இதுதான் கேள்வி. கேட்டதற்குப் பதில் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.

சாயங்காலம் குழந்தையின் அம்மா வந்தாள். மேசையில் அறிக்கை விரிந்து கிடந்தது. தன் மகளின் படத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம். பிறகு உற்றுப் பார்த்தாள்.

"ஏன் டீச்சர், மத்த பிள்ளைங்க எல்லாம் பின்னால பாக்குது?"

சொன்னேன். மணியைப் பற்றி, பெட்டியைப் பற்றி, அக்கா கேட்டதைப் பற்றி, எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அந்தப் பெட்டி எப்ப வந்துச்சு?"

"தீபாவளிக்கு முன்ன."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சித்திரை வரைக்கும் வந்தாள்.

"அது வரைக்கும் பூட்டியா வச்சிருந்தீங்க?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை. குழந்தைக்குச் செருப்பை மாட்டி, காதுக் கருவியைச் சரிபார்த்து, என் முகத்தைப் பார்க்காமலேயே வெளியே போனாள்.

அடுத்த நாள் காலை தொழிற்சாலை பஸ் வரும் நேரத்துக்கு, பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுத்தாள். விடுவதற்கு அவளுக்கு வேறு இடமில்லை.