மூன்றாவது பட்டை

அந்தக் கடைத்தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. 'கச்சிதம்' என்றால்தான் தெரியும். தைத்த சட்டையை ஆள் போட்டுக்கொண்டு வந்ததும், இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, "கச்சிதம்!" என்று தானே சொல்லிக்கொள்வாள். பிறர் பாராட்டும்வரை பொறுத்திருக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. சின்னக் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி, திரை கட்டிய ஒரு மூலை. இரண்டாவது மெஷினில் நாத்தனார். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஊர் வம்பு பேசுவது மூன்றும் நாத்தனார் பொறுப்பு.

ஐந்து வருடத்துக்கு முன்னால் கச்சிதத்துக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, ஊசி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, கொட்டிய முடி சுருள் சுருளாக முளைத்தபோது, "காசு குடுத்தாக்கூட இப்படிச் சுருட்டிவிட மாட்டாங்க அண்ணி" என்றாள் நாத்தனார். ஊரில் ஒரு சங்கம் இந்த நோய்க்காக ஆண்டுதோறும் ஒரு நடை நடத்தி நிதி திரட்டும். நடப்பவர்கள் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஒரு துணிப்பட்டை போட்டுக்கொள்வார்கள். குணமானவர்களுக்கு 'வென்றவர்'. இறந்தவர்களின் வீட்டாருக்கு 'நினைவாக'. அத்தனை பட்டையும் கச்சிதம் தைத்தவைதான். நான்கு வருடம் 'வென்றவர்' போட்டுக்கொண்டு முன்வரிசையில் மிடுக்காக நடந்தாள்.

பிறகு முதுகு வலித்தது. தையல்காரிக்கு முதுகு வலிப்பதை யார் பொருட்படுத்துவார்கள்? முக்காலியை உயர்த்தினாள், தாழ்த்தினாள், பஞ்சு வைத்து மெத்தை தைத்துப் போட்டாள். "எனக்கும்தான் வலிக்குது" என்று நாத்தனார் போட்டிக்கு வந்தாள். ஒன்பது மாதம் இரண்டு பேருமாக மெஷின்மேல் பழி போட்டார்கள். பாவம், அது என்ன செய்யும்? நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது.

மருத்துவர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "இனிமே முழுசா குணப்படுத்த முடியாதும்மா. மாத்திரையால அடக்கி வைக்கலாம். அது கேக்காம போனா இன்னொன்னு. அதுவும் கேக்காம போனா..."

"போனா?"

"குடுக்கறதுக்கு எங்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல. பரவினவங்களுக்காகவே இங்க ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சோம். பணம் வரல, பாதியில நிக்குது."

"துணி பத்தலன்னா நான் ஒட்டுப் போட்டாவது தைச்சுக் குடுத்துடுவேன் டாக்டர். உங்ககிட்ட ஒட்டுப் போடக்கூடவா ஒண்ணும் இல்ல?"

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா தேடாம எப்படிம்மா கிடைக்கும்?"

அந்த வருடம் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்தாள். மகளுக்குப் பதினொரு வயது. வளரும் பிள்ளைக்குத் தைத்தால் பின்னால் பிரித்துவிட உள்பக்கம் கொஞ்சம் துணி விடுவது வழக்கம். கச்சிதம் விட்டது கொஞ்சமா? "இடுப்புல தலையணை கட்டின மாதிரி இருக்கும்மா" என்று பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று சிணுங்கியது. வெட்டிக் குறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பதினாலு வயதில் இவள் எவ்வளவு உயரம் இருப்பாள்? பதினெட்டில் தோள் எவ்வளவு அகலம்? அளவு நாடாவைப் போட்டு, "மூச்சை இழுத்துப் பிடிக்காதடி" என்று அப்போதும் தானே அதட்ட வேண்டும். அந்த ஆசை அவளைத் தின்றது. ஏழெட்டு வருடம் போதும். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இப்படி இருக்கையில்தான் சங்கத் தலைவி வழக்கம்போல் பட்டை தைக்கச் சொல்ல வந்தார். இருநூறு 'வென்றவர்', நாற்பது 'நினைவாக'.

"அஞ்சு வருஷம் தாண்டிட்டீங்க. இந்தத் தடவை மேடையில நீங்கதான் பேசறீங்க."

கச்சிதம் விஷயத்தைச் சொன்னாள். தலைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ... அப்போ நீங்க சிரமப்பட வேண்டாம். புதுசா நோய் வந்தவங்களும் உக்காந்திருப்பாங்க, பயந்துடுவாங்க பாருங்க."

"சேர்ற பணம் எதுக்குப் போகுதுங்க?"

"பரிசோதனை முகாமுக்கு, விழிப்புணர்வுக்கு."

"வேண்டியதுதான். பரவினவங்களுக்கு மருந்து தேடறதுக்கு?"

"அது... இதுவரைக்கும் யாரும் கேக்கலையே."

மேடை ஏற்றினால்தானே கேட்பார்கள்! தலைவி போனதும் நாத்தனார் பொரிந்து தள்ளினாள். கச்சிதம் இருநூற்று நாற்பது பட்டையையும் தைத்து முடித்தாள். முதல் வகை அவளுக்குப் பொய். இரண்டாவதை அவள் போட்டுக்கொள்ளவே முடியாது. மிச்சத் துணியில் தனக்கென்று ஒன்று வெட்டினாள். என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்து, 'காத்திருப்பவர்' என்று நூலால் எழுதினாள். நாத்தனார் அதற்கு ஓரம் அடித்துக் கொடுத்தாள். அடிக்கும்போது அழுதாள், தூசி என்றாள்.

நடை அன்று கச்சிதம் கடைசி வரிசையில், நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். மைதானத்துக்குள் நுழைவதற்குள் முன்னால் போனவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். 'வென்றவர்' பட்டை போட்ட ஒரு பெண் எழுந்து வந்து அவள் பட்டையை எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தாள்.

"இது எங்க குடுக்கறாங்க? எனக்கு ஈரலுக்குப் போயிடுச்சு. ரெண்டு வருஷமா சொல்லாமதான் நடக்கறேன்."

பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள். நுரையீரல். அப்புறம் இரண்டு பேர். எல்லார் மேலும் அவள் தைத்த 'வென்றவர்'. தான் ஒருத்திதான் என்று இதுவரை நினைத்திருந்தாள் கச்சிதம்.

ஐந்து பேருமாகத் தலைவியிடம் போனார்கள். நின்றுபோன ஆராய்ச்சிக்கு இந்த நிதியில் ஒரு பங்கு வேண்டும் என்றாள் கச்சிதம். தலைவி கெட்டவர் இல்லை, கண் கலங்கிவிட்டது.

"நியாயம்தான். ஆனா இந்த வருஷத்துக்கு முடிவு பண்ணியாச்சு. அடுத்த வருஷம் கண்டிப்பா செய்யறேன்."

ஐவரில் மூத்தவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே கேட்டாள்: "அடுத்த வருஷம்னா எந்த மாசம்ங்க?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே கணக்குப் போட்டாள். தலைவி மேடைக்கு நடந்துபோய் மைக்கை எடுத்து வந்து கச்சிதத்திடம் நீட்டினார்.

வணக்கம் சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மறந்துபோனது.

"எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கணும்ங்க" என்றாள்.