கட்டுக்காரம்மாவும் அணையாத மஞ்சள் விளக்கும்

கட்டுக்காரம்மா என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் புண்களுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ். அவரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட டாக்டர்களும் உண்டு. ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள், அவர்தான் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய காரின் பின்சீட்டில் பஞ்சும் கத்தரியும் மருந்துப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் போடும் கட்டுக்கு இரண்டு அடையாளம். பிளாஸ்திரியின் நுனியைக் கொஞ்சம் மடித்து விடுவார், மறுபடி பிரிக்கும்போது நோயாளிக்கு வலிக்கக் கூடாது. மேலே பேனாவால் தேதி போடுவார். "கட்டு எத்தனை நாள் பழசுன்னு ஆளு பொய் சொல்லலாம், தேதி சொல்லாது" என்பார். ஒரு நாள் தள்ளிப் போனாலும் வீட்டுக்காரர்களைக் கிழிகிழியென்று கிழிப்பார்.

அந்தக் காரில்தான் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. தம்பி கூட்டி வந்த மெக்கானிக் ஒரு சென்சாரை மாற்றினார். பத்து நாளில் விளக்கு திரும்பி வந்தது. "வண்டிக்கு வயசாயிடுச்சும்மா, இனிமே ஒண்ணொண்ணாத்தான் போகும்" என்று கையை விரித்துவிட்டார்.

அவருடைய தம்பிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அக்கா வீட்டோடு இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஓதிக்கொண்டிருந்தவர். அக்காவைக் கேட்காமலே, வண்டியை விலைக்கு வாங்க ஒரு ஆளைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வண்டியைப் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

"அறுபது வயசுல யாருக்காகக்கா இப்படி ஓடுற?"

"கணக்கு வாத்தியார் காலுக்கு யாரு போவா?"

"அவருக்கு ஆஸ்பத்திரி இருக்குல்ல."

"அங்க காலையே எடுத்துடலாம்னாங்க. நான்தான் விடல."

சர்க்கரைப் புண். மூன்று மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க் கட்டு மாற்றி, இப்போதுதான் புண்ணில் புதுச் சதை வந்திருக்கிறது. வாத்தியார் இருக்கும் தெருவுக்கு பஸ் கிடையாது. வண்டி போனால் அந்தக் காலும் போகும். அதை நினைத்தாலே கட்டுக்காரம்மாவுக்கு உடம்பு பதறியது. பதற்றம் வந்தால் அவருக்குக் கோபமும் கூடவே வரும்.

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள அந்த விளக்கு ஏன் எரியுதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன். இல்லேன்னா சாவிய நீயே அந்த ஆளுக்குக் குடுத்துடு. நான் வாயே திறக்க மாட்டேன்."

வண்டிக் கோளாறைப் போனில் காட்டும் ஒரு கருவி, தீப்பெட்டி அளவில், போன் கடையில் வாங்கி வைத்திருந்தார். அதை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினார். அவருடைய போனில் ஒரு கோளாறு எண் வந்தது, கூடவே ஒரு வரி: பெட்ரோலுக்குத் தேவையானதைவிட அதிகக் காற்று. மூன்று தடவை படித்தார்.

"காத்து அதிகம்னு சென்சார் சொல்லுது. சொன்னவனையே மாத்திட்டாரு உன் மெக்கானிக். காய்ச்சல் காட்டுச்சுன்னா தெர்மாமீட்டரையா மாத்துவாங்க?"

தம்பி குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அந்த விளக்கை அணைக்க இந்தப் போன்லயே ஒரு பட்டன் இருக்காம். அமுக்கிடேன். வர்றவர் பாத்துட்டு வாங்கிட்டுப் போகட்டும்."

"வர்றவர் கண்ணுல மண்ணத் தூவச் சொல்றியா? போய் வண்டிய ஸ்டார்ட் பண்ணு."

பானெட்டைத் திறந்தார். ஸ்டெதஸ்கோப்பின் முனையில் இருந்த வட்டத் தகட்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயை இன்ஜினின் ரப்பர் ஹோஸ்கள் பக்கம் கொண்டுபோனார். முதல் ஹோஸில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. இன்ஜினுக்குப் பின்பக்கம், கை லேசில் நுழையாத சந்தில், மெல்லிசாகக் காற்றை உறிஞ்சும் ஒரு சீறல் கேட்டது. எத்தனையோ பேருடைய மூச்சிரைப்பைக் கேட்ட காது அது. விரலை விட்டு அந்த இடத்தை அழுத்தினார். குலுங்கிக்கொண்டிருந்த இன்ஜின் நிதானத்துக்கு வந்தது.

"போன்ல காத்து அதிகம்னு காட்டுற நம்பர் இறங்குதுக்கா" என்றார் தம்பி உள்ளேயிருந்து.

இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறியதும் ஹோஸை உருவினார். வாயோரம் வெடிப்பு. அதைச் சுற்றி எண்ணெயில் ஊறி, இளகித் தொங்கிய ஒரு பிளாஸ்திரி. எந்த மடையன் போட்டது என்று திட்டுவதற்கு வாயெடுத்தவர், மடித்த நுனியைப் பார்த்தார். மேலே மங்கிப்போன மசியில் போன வருஷத் தேதி. அவர் கையெழுத்து.

ஞாபகம் வந்துவிட்டது. ஏர் ஃபில்டரைத் தானே மாற்றிய அன்று ஹோஸ் கிழிந்தது. நோயாளி காத்திருக்கிறார் என்ற அவசரத்தில், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுற்றியது. அந்த ‘நாளைக்கு’ பதினொரு மாசமாக வரவேயில்லை. தம்பி இன்னும் சீட்டில்தான் இருந்தார். கசக்கிப் பைக்குள் போட்டால் யாருக்கும் தெரியாது. கை பாதி வழி போகவும் செய்தது. சே என்று தன்னையே வைதுகொண்டு, அதை ஜன்னல் வழியாகத் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி தேதியைப் படித்தார். "இதத்தான் நானும் சொல்றேன். மறதி வந்தாச்சு. நாளைக்கு வாத்தியார் கால்லயும் இப்படி மறந்தா?"

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கட்டுக்காரம்மா அசையவில்லை.

"மறந்தேன்தான். மறந்தாத் தெரியணும்னுதான் தேதி போடுறேன். என் தப்புல என் கையெழுத்து இருக்கு, நானே கண்டுபிடிச்சேன். உன் மெக்கானிக் தப்புல யாரு கையெழுத்து இருக்கு?"

கட்டுக்காரம்மா கத்தரியால் வெடித்த நுனியை நறுக்கி, மிச்ச ஹோஸை இழுத்து மாட்டி, கிளிப்பை முறுக்கினார். அதன் பிறகுதான் அந்தப் பட்டனை அமுக்கச் சொன்னார். தம்பியே முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தார், மேட்டிலும் பள்ளத்திலும். நம்பர் ஏறவில்லை, விளக்கும் வரவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் அந்த ஆள் நின்றிருந்தார். "வண்டி எப்படிங்க?"

தம்பி அக்காவைப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் எச்சில் விழுங்கிவிட்டு, "அதனால விக்கலீங்க" என்றார்.

கட்டுக்காரம்மா பானெட்டைத் திறந்து, புதிதாக மாட்டிய ஹோஸ் பக்கத்தில் இரும்பின் மேல் அன்றைய தேதியை எழுதினார். பானெட்டைச் சாத்திவிட்டு, கரி படிந்த கையைத் தம்பியிடம் நீட்டினார்.

"சாவி."