வரப்பைத் தாண்டாத வெடிப்பு

சுந்தரபாண்டியத்துக்குச் சற்று முன்னால் பேருந்தின் டயர் பஞ்சராகிவிடுகிறது. இறங்கி நிற்கிறேன். சாலையோர வயலில் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கிறது, தண்ணீர்தான் இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. வரப்பில் இறங்கிக் குனிந்து பார்க்கிறேன்.

நான் ராஜபாளையத்துக்காரன். வேலை தெலங்கானாவில், நிலக்கரிச் சுரங்கத்துக்கு மேலே இருக்கும் வயல்களும் ஓடைகளும் என்ன ஆகின்றன என்று அளந்து பார்ப்பது. இங்கே சுரங்கமே கிடையாது. ஆனாலும் கை தானாக டேப்பை எடுத்துவிடுகிறது.

மண்வெட்டியோடு ஒரு பெண் ஓடி வருகிறார். "என்ன அண்ணாச்சி அளக்கீக? ரோட்டுக்கு நெலம் எடுக்கப் போறாகளா?"

"இல்லம்மா, வெடிப்பத்தான் பாக்கேன். நான் வேலை பாக்குற ஊர்ல பூமிக்கடியில கரி எடுத்ததுல மேல தரை இறங்கி, வயலு இப்படித்தான் பொளந்துச்சு. ஓடைத் தண்ணியே உள்ள போயிருச்சு."

அவர் சிரித்துவிடுகிறார். "அம்புட்டுதானா! நாந்தான் தண்ணிய நிறுத்திக் காயப் போட்டிருக்கேன். வேரு பிடிச்சு, பக்கத்துல குருத்து விட்டுத் தூர் கட்ட வேண்டாமா? காஞ்சது போதும், இப்பத் தண்ணி பாய்ச்சத்தான் வந்தேன்."

அப்போதுதான் கவனிக்கிறேன். பூமி இறங்கியிருந்தால் வரப்பும் சேர்ந்து பிளந்திருக்கும். இங்கே ஒரு வெடிப்புகூட வரப்பைத் தாண்டவில்லை.

அவர் மடையைத் திறக்கிறார். தண்ணீர் வெடிப்புக்குள் குபுகுபுவென்று இறங்குகிறது. டயர் மாற்றி முடிந்து நடத்துநர் விசில் அடிக்கிறார்.

"பஸ்ஸு போயிரப் போகுது, அண்ணாச்சி."

"செத்த நேரம் இரும்மா."

அங்கே இப்படி இறங்கும் தண்ணீர் திரும்பி வருவதில்லை. இங்கே வெடிப்பு நிறைகிறது. தண்ணீர் மேலே வந்து, பயிரின் காலடியில் அசையாமல் நிற்கிறது.

டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறேன்.